புல்வெளி யாருக்குச் சொந்தம்?

2025 நவம்பர் 9 அன்று மாலை, தில்லியின் நச்சுக் காற்றைக் கண்டித்து இந்தியா கேட் முன்பு மக்கள் கூடினார்கள். பெற்றோர்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வந்திருந்தனர். மாணவர்கள் வந்திருந்தனர். சுவாசிக்கத் தகுந்த காற்று வேண்டும் என்பதுதான் அவர்களின் கோரிக்கை. காவல்துறை பலரைப் பேருந்துகளில் ஏற்றிச் சென்றது. இந்தியா கேட் போராட்டத்திற்கான இடம் அல்ல, அதற்கென்று ஒதுக்கப்பட்ட இடம் ஜந்தர் மந்தர் என்று காரணமும் சொன்னது.

இந்தப் பதில் புதிதன்று. 2023 மே மாத இறுதியில், பாலியல் புகாருக்கு நீதி கேட்ட மல்யுத்த வீராங்கனைகள் இந்தியா கேட்டில் உண்ணாவிரதம் இருக்கப்போவதாக அறிவித்தபோதும் இதையேதான் காவல்துறை சொன்னது. அதற்கு இரண்டு நாள் முன்பு, மே 28 அன்று, புதிய நாடாளுமன்றக் கட்டடம் செங்கோலோடு திறந்து வைக்கப்பட்ட அதே நேரத்தில், அக்கட்டடத்தை நோக்கி நடந்த வீராங்கனைகள் சாலையில் இழுத்துச் செல்லப்பட்டார்கள்.

இந்தியா கேட்டையும் அதிலிருந்து குடியரசுத் தலைவர் மாளிகை வரை செல்லும் சாலையையும் மறுசீரமைக்க 608 கோடி ரூபாய் மதிப்பிடப்பட்டது. இந்த இடத்தை மக்களுக்காகவே புதுப்பித்திருக்கிறோம் என்று 2022 செப்டம்பர் 8 அன்று பிரதமர் அறிவித்தார். மக்களுக்காகப் புதுப்பிக்கப்பட்ட சதுக்கத்தில் மக்கள் கூடக்கூடாது என்றால், அங்கே புதுப்பிக்கப்பட்டது என்ன? கல்லும் விளக்கும் எவ்வளவு அழகாக இருக்கின்றன என்பதை விட்டுவிட்டு, இந்தக் கேள்வியிலிருந்துதான் நாம் தொடங்க வேண்டும்.

மன்னனின் சாலை

இந்தியத் தலைநகரம் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாற்றப்படும் என்று 1911 டிசம்பர் 12 அன்று தில்லி தர்பாரில் ஐந்தாம் ஜார்ஜ் அறிவித்தார். ராய்சினா, மால்சா போன்ற கிராமங்களின் நிலம் 1894ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டத்தின் கீழ் பறிக்கப்பட்டது. லட்யன்ஸும் பேக்கரும் புதிய நகரத்தை வரைந்தார்கள். குன்றின் மேல் வைஸ்ராய் மாளிகை, அதற்குக் கீழே நேர்கோடாக இறங்கும் அகன்ற சாலை, சாலையின் மறுமுனையில் 42 மீட்டர் உயரத்தில் போர் நினைவு வளைவு என்பதே திட்டம். ஆள்பவன் மேலே இருப்பதையும் ஆளப்படுபவன் கீழே நிற்பதையும் நிலத்தின் மேலேயே எழுதிக்காட்டிய நகரம் அது. சாலைக்கு மன்னனின் வழி என்று பெயர். விடுதலைக்குப் பின் வந்த ராஜபாதை என்ற பெயரும் ஏறத்தாழ அதன் மொழிபெயர்ப்புதான்.

வளைவில் 13,000க்கும் மேற்பட்ட பெயர்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. முதல் உலகப் போரிலும் 1919ஆம் ஆண்டு ஆப்கானியப் போரிலும் பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் பணியாற்றி மாண்டவர்களின் பெயர்கள் அவை. ஏகாதிபத்தியங்கள் சந்தைகளையும் காலனிகளையும் பங்கிட்டுக்கொள்ள நடத்திய போரில், பஞ்சாபின், கர்வாலின், தக்காணத்தின் உழவர் வீட்டுப் பிள்ளைகள் மடிந்தார்கள். 1931 பிப்ரவரி 12 அன்று வைஸ்ராய் இர்வின் இந்த வளைவைத் திறந்து வைத்தார். ஆறு வாரம் முடிவதற்குள், மார்ச் 23 அன்று, பகத்சிங்கும் ராஜகுருவும் சுகதேவும் தூக்கிலிடப்பட்டார்கள். பேரரசுக்காகச் செத்தவர்களுக்குக் கல்வெட்டும், பேரரசை எதிர்த்தவர்களுக்குக் கயிறும் ஒரே பருவத்தில் வழங்கப்பட்டன.

ஆகவே லட்யன்ஸின் தில்லியைத் தொடக்கூடாத புனிதப் பொருளாகப் பாதுகாக்க வேண்டும் என்று வாதிடுவது நமது வேலையன்று. அந்தக் கட்டடக்கலையின் மீது ஏக்கம் கொள்ள உழைக்கும் மக்களுக்குக் காரணம் எதுவுமில்லை. மோடி அரசின் திட்டத்தை எதிர்த்தவர்களில் ஒரு பகுதியினர் அந்த ஏக்கத்திலிருந்து பேசினார்கள். அதனால் எதிர்ப்பு பழைமைப் பற்றாகவும், திட்டம் காலனிய எதிர்ப்பாகவும் காட்டப்படுவதற்கு அரசுக்கு எளிதாயிற்று. உண்மை நிலை வேறு.

மக்கள் மாற்றிய சதுக்கம்

இந்தச் சதுக்கம் ஏற்கெனவே ஒருமுறை மறுவடிவமைக்கப்பட்டது. அதற்கு டெண்டர் விடப்படவில்லை, ஆலோசனை நிறுவனமும் அமர்த்தப்படவில்லை. வைஸ்ராயின் அணிவகுப்புக்காக வெட்டி வைத்திருந்த புல்வெளியில் விடுதலைக்குப் பின் மக்கள் வந்து உட்கார்ந்தார்கள். காற்றோட்டமில்லாத ஒற்றை அறைகளில் குடியிருந்த குடும்பங்கள் கோடை இரவுகளில் இங்கே வந்தன. ஐஸ்கிரீம் வண்டிகள் வந்தன, பலூன்காரர்கள் வந்தார்கள். கட்டணமில்லை, நுழைவுச் சீட்டில்லை, வீட்டிலிருந்து கொண்டுவந்த உணவை விரித்து வைத்துச் சாப்பிடத் தடையில்லை. நாட்டின் அதிகார பீடத்திற்கு எதிரிலேயே ஏழைகள் காசில்லாமல் பொழுதைக் கழிக்க முடிந்தது.

அதே புல்வெளியின் இன்னொரு பகுதியான போட் கிளப்பில் தொழிலாளரும் விவசாயிகளும் கூடினார்கள். 1988 அக்டோபர் 25 அன்று மகேந்திர சிங் திகாயத்தின் தலைமையில் மேற்கு உத்தரப் பிரதேச விவசாயிகள் வந்தார்கள். ஐந்து லட்சம் பேர் என்று அன்று கணிக்கப்பட்டது. டிராக்டர்களும் மாட்டு வண்டிகளும் கயிற்றுக் கட்டில்களும் ராஜபாதைக்கு வந்து சேர்ந்தன. ஒரு வார காலம் அங்கேயே சமைத்து, அங்கேயே உறங்கினார்கள். இந்திரா காந்தியின் நினைவு நாள் கூட்டத்தை ஆளுங்கட்சி செங்கோட்டை மைதானத்திற்கு மாற்ற வேண்டியதாயிற்று. அந்த விவசாய இயக்கத்தின் வர்க்க எல்லைகள் குறித்து நமக்கு விமர்சனம் உண்டு. ஆனால் கோரிக்கையைக் கேட்க மறுத்த அரசின் ஜன்னலுக்கு எதிரே அவர்களால் உட்கார முடிந்தது என்பது முக்கியமானது.

ஆளும் வர்க்கம் இதிலிருந்து பாடம் கற்றுக்கொண்டது. சில ஆண்டுகளுக்குள் போட் கிளப் போராட்டங்களுக்கு மூடப்பட்டது. போராடுவோர் ஜந்தர் மந்தர் சாலைக்குத் தள்ளப்பட்டார்கள். மைதானம் சந்தாக மாறியது. 2017 மார்ச் 14 முதல் 41 நாட்கள் தமிழ்நாட்டு விவசாயிகள் மண்டையோடுகளோடு அமர்ந்திருந்தது அந்தச் சந்தில்தான். அதே ஆண்டு அக்டோபரில், இரைச்சலைக் காரணம் காட்டி, தேசிய பசுமைத் தீர்ப்பாயம் அந்த இடத்தையும் மூட உத்தரவிட்டது.

மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் தொடுத்த வழக்கில் 2018 ஜூலை 23 அன்று உச்ச நீதிமன்றம், ஜந்தர் மந்தரிலும் போட் கிளப்பிலும் போராட்டங்களுக்கு முழுத் தடை விதிப்பது செல்லாது என்று தீர்ப்பளித்தது. குடியிருப்போரின் அமைதியையும் போராடுவோரின் உரிமையையும் சமன்செய்து வழிமுறைகளை வகுக்குமாறு காவல்துறைக்கு ஆணையிட்டது. போட் கிளப் புல்வெளியின் பெயர் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. இந்தத் தீர்ப்புக்குப் பிறகும் 'இது போராட்டத்திற்கான இடம் அல்ல' என்ற ஒற்றை வரியைக் காவல்துறை ஒப்பிக்கிறது. 1988இல் ஐந்து லட்சம் விவசாயிகள் உட்கார்ந்த நகரில், 2021 ஜூலையில் நாளொன்றுக்கு 200 விவசாயிகள் மட்டும், அடையாள அட்டையோடு, ஜந்தர் மந்தரில் விவசாயிகள் நாடாளுமன்றம் நடத்த அனுமதிக்கப்பட்டார்கள். மற்றவர்கள் சிங்குவிலும் டிக்ரியிலும் காஸிப்பூரிலும் முள்வேலிக்கும் கான்கிரீட் தடுப்புக்கும் வெளியே நின்றார்கள்.

கேட்காமல் வரைந்த வரைபடம்

மத்திய விஸ்டா திட்டம் 2019இல் அறிவிக்கப்பட்டது. சில வாரங்களிலேயே டெண்டர் முடிந்து அகமதாபாத்தைச் சேர்ந்த ஆலோசனை நிறுவனம் தேர்வானது. நாட்டின் மிக முக்கியமான பொது இடத்துக்குத் திறந்த வடிவமைப்புப் போட்டி நடத்தப்படவில்லை. நில உபயோகத்தை மாற்றுவதற்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்சேபங்கள் வந்தன. 2020 பிப்ரவரியில் இரண்டு நாட்களில் விசாரணையை முடித்து, நாடு ஊரடங்குக்குள் நுழைந்த மார்ச் மாதத்தில் மாற்றத்தை அரசிதழில் அறிவித்தார்கள். தில்லி எல்லையில் விவசாயிகள் குளிரில் உட்கார்ந்திருந்த 2020 டிசம்பர் 10 அன்று புதிய நாடாளுமன்றத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள்.

2021 ஜனவரி 5 அன்று உச்ச நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் திட்டத்தை அனுமதித்தது. மாறுபட்ட தீர்ப்பை எழுதிய நீதிபதி சஞ்சீவ் கன்னா, மக்கள் கருத்துச் சொல்வதற்குத் தேவையான தகவல்களே அவர்கள் முன் வைக்கப்படவில்லை என்பதைச் சுட்டினார். பாரம்பரியப் பாதுகாப்புக் குழுவின் முன் அனுமதி பெறப்படவில்லை என்பதையும் சுட்டினார். மக்கள் பங்கேற்பு என்பது ஒரு சடங்காக முடிந்துவிடக்கூடாது என்ற அந்த வாதம் சிறுபான்மைத் தீர்ப்பில் இருப்பதால் அதன் நியாயம் குறைந்துவிடவில்லை.

பிறகு வந்தது கொரோனா இரண்டாவது அலை. ஆக்சிஜனின்றி மக்கள் மடிந்த 2021 ஏப்ரல், மே மாதங்களில் தில்லியில் ஊரடங்கு நிலவியது. ராஜபாதைப் பணி மட்டும் அத்தியாவசியப் பணி என்ற பெயரில் தொடர்ந்தது. அதை நிறுத்தக் கோரிய மனுவைத் தள்ளுபடி செய்த தில்லி உயர் நீதிமன்றம் மனுதாரர்களுக்கு ஒரு லட்சம் ரூபாய் அபராதமும் விதித்தது. திறப்பு விழாவில் பிரதமர் கட்டுமானத் தொழிலாளர்களைச் சந்தித்து, அடுத்த குடியரசு தின அணிவகுப்புக்குச் சிறப்பு விருந்தினர்களாக அழைத்தார். தொழிலாளிக்கு ஒரு நாள் இருக்கை கிடைத்தது. அதே அரசுதான் அவனுடைய எட்டு மணி நேர வேலையையும் சங்க உரிமையையும் கரைக்கும் நான்கு தொகுப்புச் சட்டங்களை நாடாளுமன்றத்தில் நிறைவேற்றியிருந்தது.

கிடைத்ததும் பறிபோனதும்

நேர்மையாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். புதிய சதுக்கத்தில் நல்லவையும் இருக்கின்றன. முன்பு போதிய கழிப்பறை இல்லை. பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும் அதனால் பட்ட துன்பம் சிறிதன்று. இன்று கழிப்பறையும் குடிநீரும் கொண்ட கட்டடங்கள் இருக்கின்றன. சாலையைக் கடக்கச் சுரங்க நடைபாதைகள், கால்வாய்களின் மேல் பாலங்கள், உட்காரக் கல் இருக்கைகள் இருக்கின்றன. நடப்பவருக்கு வசதி செய்வது மக்கள் கோரிக்கையே. இவற்றை மறுத்துப் பேசினால் அங்கே மாலையில் போய்வரும் சாதாரணக் குடும்பம் நம் பேச்சைக் கேட்காது.

ஆனால் இந்த வசதிகளைச் செய்து கொடுப்பதற்கு மக்களின் உரிமையைப் பிடுங்க வேண்டிய அவசியம் இல்லை. பணி நடந்த சுமார் 20 மாதங்கள் அந்த இடம் தகரத் தடுப்புக்குள் மூடிக் கிடந்தது. அங்கே விற்றுப் பிழைத்தவர்களின் அடுப்பு என்னவாயிற்று என்று எந்தத் திட்ட அறிக்கையும் கணக்குச் சொல்லவில்லை. திறந்த பிறகு ஐந்து விற்பனை மண்டலங்கள், மண்டலத்துக்கு 40 பேர் என்று ஒதுக்கீடு அறிவிக்கப்பட்டது. கார்களுக்கு ஒதுக்கப்பட்ட இடங்களோ ஆயிரத்து நூற்றுக்கும் மேல். ஒரு சதுக்கத்தில் ஒரு காருக்குக் கிடைக்கும் உறுதியான இடம் ஒரு ஐஸ்கிரீம் வண்டிக்குக் கிடைக்கவில்லை என்றால், அந்த வடிவமைப்பு எந்த வர்க்கத்தைப் பார்வையாளனாகக் கற்பனை செய்தது என்பது விளங்கும்.

2014ஆம் ஆண்டின் சாலையோர வியாபாரிகள் சட்டம் தெளிவாக இருக்கிறது. கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் வழங்கும் வரை எவரையும் அப்புறப்படுத்தக் கூடாது. நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 விழுக்காடு வியாபாரிகளின் பிரதிநிதிகளாக இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்களாக இருக்க வேண்டும். 'அழகுபடுத்தல்' என்ற சொல் வரும் இடமெல்லாம் இந்தச் சட்டம் மறக்கப்படுகிறது.

இது ஒரு கட்சியின் அரசுக்கு மட்டும் உரிய நோயும் அன்று. அதே தில்லியில் ஆம் ஆத்மி அரசு 2021 செப்டம்பரில் சாந்தினி சவுக்கைப் புதுப்பித்துத் திறந்தது. செங்கோட்டை முன்பிருந்து ஃபதேபுரி மசூதி வரை சுமார் 1.3 கிலோமீட்டர் நீளத்துக்குப் பகலில் மோட்டார் வாகனங்களுக்குத் தடை விதிக்கப்பட்டது, நல்ல காரியம். ஆனால் தலைமுறைகளாக நடைபாதையில் கடை போட்டவர்கள் 'ஆக்கிரமிப்பு' ஆனார்கள். முதலாளித்துவ நகரமயமாதலில் நினைவுச் சின்னத்தின் அருகாமை ஒரு விலைப்பொருள். அதன் விலையை உயர்த்த, அங்கிருக்கும் ஏழை முதலில் கண்ணில் படாமல் ஆக்கப்படுகிறான்.

அணைந்த சுடர்

1971 போரில் மாண்ட வீரர்களுக்காக இந்தியா கேட் வளைவின் கீழ் அமர் ஜவான் ஜோதி அமைக்கப்பட்டு, 1972 ஜனவரி 26 அன்று திறக்கப்பட்டது. ஏகாதிபத்தியம் கட்டிய வளைவுக்குக் குடியரசு சேர்த்த அர்த்தம் அது. 2022 ஜனவரி 21 அன்று அந்தச் சுடர் தேசியப் போர் நினைவகச் சுடருடன் 'இணைக்கப்பட்டது'. அந்நியப் பேரரசுக்காகப் போரிட்டவர்களின் பெயர்களுக்குக் கீழே விடுதலை இந்தியாவின் சுடர் எரிவது பொருத்தமில்லை என்று வாதிட்டார்கள். ஒரு சின்னம் அதைக் கட்டியவனின் எண்ணத்தோடு உறைந்துவிடுவதில்லை, பின்வரும் தலைமுறைகள் அதன் பொருளை மாற்றுகின்றன என்ற எளிய வரலாற்று உண்மையை இந்த வாதம் மறுக்கிறது.

அருகிலிருக்கும் மண்டபத்தில் நின்ற ஐந்தாம் ஜார்ஜின் சிலை 1968இல் அகற்றப்பட்டது. அரை நூற்றாண்டுக்கு மேல் அந்த மண்டபம் வெறுமையாக நின்றது. 2022இல் அங்கே 28 அடி உயரக் கருங்கல்லில் நேதாஜியின் சிலை வைக்கப்பட்டது. நேதாஜிக்குச் சிலை வைப்பதில் நமக்கு என்ன ஆட்சேபம்? அவருடைய இந்திய தேசிய ராணுவத்தில் மலாயாவின் தமிழ்த் தோட்டத் தொழிலாளிகள் அணி அணியாகச் சேர்ந்தார்கள். ஜான்சி ராணி படைக்குத் தலைமை தாங்கிய கேப்டன் லட்சுமி சென்னையில் பிறந்தவர். 2002இல் குடியரசுத் தலைவர் தேர்தலில் இடதுசாரிகளின் வேட்பாளராக நின்றவர். இந்து, முஸ்லிம், சீக்கியர் ஒரே பந்தியில் உண்ட படை அது. மதத்தால் மக்களைப் பிரிப்போர் அந்த மனிதரின் கல்லுருவத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

அதே 2022 ஜனவரியில், அதே சாலையில் நடந்த குடியரசு தின அணிவகுப்பில், நேதாஜியையும் அவரது ராணுவத்தையும் சித்திரித்த மேற்கு வங்கத்தின் ஊர்தி நிராகரிக்கப்பட்டது. வ.உ.சி., பாரதி, வேலுநாச்சியார், மருது சகோதரர்களைக் கொண்ட தமிழ்நாட்டின் ஊர்தியும் நாராயண குருவைக் கொண்ட கேரளத்தின் ஊர்தியும் நிராகரிக்கப்பட்டன. விடுதலை வீரர்களை யார் நினைவுகூரலாம், எப்படி நினைவுகூரலாம் என்பதும் ஒன்றிய அரசின் அனுமதிக்கு உட்பட்டதாயிற்று.

ஜாலியன்வாலாபாக்கிலும் இதுவே நடந்தது. 1919இல் டயரின் படை நுழைந்த அந்த ஒடுங்கிய சந்தின் வெறும் சுவர்கள் பார்ப்பவரின் மனதில் அச்சத்தை எழுப்பிக்கொண்டிருந்தன. 2021இல் அதைப் புதுப்பித்தபோது அந்தச் சுவர்களில் சிற்பங்களைப் பதித்தார்கள். படுகொலையின் சாட்சியாக இருந்த இடம் ஒலி-ஒளிக் காட்சிக்கான இடமாயிற்று.

கடமை என்ற பெயர்

ராஜபாதைக்கு 'கர்த்தவ்ய பாதை' என்று பெயர் சூட்டினார்கள், அதாவது கடமைப் பாதை. அடிமைச் சின்னத்தை அழித்துவிட்டோம் என்றார்கள். அரசமைப்புச் சட்டம் 1950இல் நடைமுறைக்கு வந்தபோது அடிப்படை உரிமைகள் இருந்தன, அடிப்படைக் கடமைகள் என்ற அத்தியாயம் இல்லை. அது 1976இல், அவசரநிலைக் காலத்தில், 42ஆவது திருத்தத்தின் மூலம் சேர்க்கப்பட்டது. அவசரநிலையை அனுதினமும் கண்டிக்கும் பாஜக, அதன் விருப்பமான சொல்லை நாட்டின் முதன்மைச் சாலைக்குப் பெயராக வைத்திருக்கிறது. விடுதலைக்குப் பிந்தைய 75 ஆண்டுகளில் உரிமைகளைப் பேசியே காலத்தைக் கழித்தோம் என்ற பொருளில் பிரதமர் 2022 ஜனவரியில் பேசியதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

காலனியச் சின்னத்தை ஒழிப்பதுதான் நோக்கம் என்றால் தொடங்க வேண்டிய இடம் வேறு. ஐந்து பேர் கூடினாலே குற்றமாக்க உதவிய 144 தடையுத்தரவு காலனிய ஆட்சியின் கொடை. 2024 ஜூலை 1 முதல் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அது 163ஆவது பிரிவாக, அதிகாரம் குறையாமல், தொடர்கிறது. சாலைக்குப் பெயர் மாறியது போலவே தடையுத்தரவுக்கும் எண் மாறியிருக்கிறது. வைஸ்ராயின் காவல்துறை செய்ததைக் கடமைப் பாதையின் காவல்துறையும் செய்கிறது.

பாதுகாப்பு என்ற வாதத்தை எதிர்கொள்ளாமல் விட முடியாது. நாடாளுமன்றமும் அமைச்சகங்களும் அருகில் இருக்கின்றன, நினைவுச் சின்னத்துக்குச் சேதம் வரக்கூடாது என்பது உண்மை. ஆனால் ஆண்டுதோறும் ஜனவரி 26 அன்று அதே சாலையில் பல்லாயிரம் பேரை அமர்த்தி டாங்கிகளை ஓட்ட இந்த அரசால் ஏற்பாடு செய்ய முடிகிறது. ஆகவே கூட்டத்தை ஒழுங்குபடுத்தும் ஆற்றல் இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. பொது இடத்தில் கூட்டம் நடத்துவதை ஒழுங்குபடுத்தலாம், அடியோடு மறுக்கும் அதிகாரத்தைக் காவல்துறைக்குக் கொடுக்க முடியாது என்று அகமதாபாத் வழக்கொன்றில் 1972இலேயே உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு கூறிவிட்டது. 2012 டிசம்பரில் மாணவிகளும் மாணவர்களும் இதே சாலையில் தண்ணீர்ப் பீரங்கியை எதிர்த்து நின்றதன் விளைவாகவே வர்மா குழு அமைக்கப்பட்டது, பாலியல் வன்முறைச் சட்டங்கள் 2013இல் திருத்தப்பட்டன. அந்தக் கூட்டம் ஒரு புறநகர் மைதானத்தில் அடைக்கப்பட்டிருந்தால் அரசின் செவியில் விழுந்திருக்குமா?

நமது கோரிக்கைகள்

திட்டத்தை எதிர்த்த காலம் முடிந்துவிட்டது, இனி என்ன செய்வது என்று தோழர்கள் கேட்கலாம். கல் பதிக்கப்பட்டுவிட்டது உண்மைதான். ஆனால் சதுக்கத்தின் விதிகள் கல்லில் செதுக்கப்படவில்லை. அவற்றை மாற்ற முடியும்.

முதலாவதாக, 2018ஆம் ஆண்டுத் தீர்ப்பின்படி போட் கிளப் புல்வெளியை அமைதியான கூட்டங்களுக்குத் திறந்துவிட வேண்டும். அனுமதி மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும், நிரந்தரத் தடையுத்தரவு ஆட்சியை நிறுத்த வேண்டும்.

இரண்டாவதாக, பணிக்கு முன்பு அங்கே விற்றுவந்தவர்கள் அனைவரையும் கணக்கெடுத்து, நகர விற்பனைக் குழுவின் வழியே இடமும் சான்றிதழும் வழங்க வேண்டும். வருமானம் இழந்த மாதங்களுக்கு இழப்பீடு வேண்டும்.

மூன்றாவதாக, இனி எஞ்சியிருக்கும் பணிகள் குறித்த வரைபடங்களையும் செலவையும் வெளியிட்டு, பகிரங்க விசாரணை நடத்த வேண்டும். பொது மக்கள் சென்றுவந்த கலாசார மையம் இருந்த நிலத்தில் இன்று செயலகக் கட்டடங்கள் எழுந்து நிற்கின்றன. பொது இடம் அலுவலக வளாகமாகச் சுருங்குவதை மேலும் அனுமதிக்கக் கூடாது.

நான்காவதாக, வரலாற்றுச் சின்னங்களைச் சுற்றி எந்த அரசு எங்கே மறுசீரமைப்புச் செய்தாலும், அங்கே வாழ்வோர், விற்போர், வேலை செய்வோரின் ஒப்புதல் முன்நிபந்தனையாக வேண்டும். இந்தக் கோரிக்கை தில்லிக்கு மட்டும் உரியதன்று. கோயில் நகரங்களிலும் கோட்டை நகரங்களிலும் கடற்கரைகளிலும் 'அழகுபடுத்தல்' நடக்கும் எல்லா இடங்களிலும் நமது தொழிற்சங்கங்களும் வாலிபர், மாதர் அமைப்புகளும் இதைக் கையிலெடுக்க வேண்டும்.

மன்னனுக்காக வெட்டப்பட்ட புல்வெளியை மக்கள் ஒருமுறை தமதாக்கிக்கொண்டார்கள். அதற்கு எவரும் அனுமதி தரவில்லை. தொழிலாளர் பேரணிகளும் விவசாயிகளின் முற்றுகைகளும் மாணவர்களின் துணிவும் அதைச் சாதித்தன. காற்றுக்காக இந்தியா கேட் வந்த பெற்றோர்களிடம் நமது கொடி இல்லாமல் இருக்கலாம். அவர்கள் கேட்ட இடம் நமக்கும் வேண்டிய இடம். அடுத்த முறை அவர்கள் வரும்போது தனித்து நிற்கக்கூடாது.